யாரும் பார்க்காதபோது

'ஆண்மை' என்ற சொல்லை எங்கள் பகுதிப் பிள்ளைகள் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படிப்பது பேருந்து நிலையச் சுவரில். 'ஆண்மைக் குறைவா?' என்று கொட்டை எழுத்தில் கேட்கும் மஞ்சள் நோட்டீஸ். கீழே ஒரு லாட்ஜின் பெயர், அறை எண், வைத்தியர் வந்து தங்கும் தேதி. முதுகலைத் தமிழ் முதலாண்டு வகுப்பில், "ஆண்மைன்னா என்ன?" என்று கேட்டால் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பெண்பிள்ளைகள் நோட்டைப் புரட்டுவார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் மனதில் ஓடுவது அந்த மஞ்சள் நோட்டீஸ்தான்.

அடுத்து எதிர்ச்சொல் கேட்பேன். பெண்கள் பக்கமிருந்து 'பெண்மை' என்று வரும். பையன்கள் பக்கமிருந்து 'கோழைத்தனம்'. கடைசி பெஞ்சிலிருந்து, சொல்லலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு, 'பொட்டை'. மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பெண்ணாக இருப்பது, பயப்படுவது, திருநங்கையாக இருப்பது என மூன்றையும் ஒரே குப்பைக்கூடையில் போட்டுவைத்திருக்கிற ஒரு சொல்லை எந்தக் கூச்சமும் இல்லாமல் பாராட்டாகவும் புழங்கிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பருவத்தின் பாடம் அங்கிருந்து தொடங்கும்.

தமிழ் படித்தவர்களுக்குச் சொல்லின் பழைய தடம் தெரியும். தொல்காப்பியக் களவியல் பெருமையையும் வலிமையையும் ஆணுக்கும், அச்சம், நாணம், மடம் ஆகியவற்றைப் பெண்ணுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டது. வள்ளுவர் 'பேராண்மை' என்ற சொல்லை இரண்டு இடங்களில் ஆள்கிறார். ஓரிடத்தில் பிறன் மனைவியை நோக்காத கட்டுப்பாட்டுக்கு அந்தப் பெயர். இன்னோரிடத்தில் போர்க்களத்துக் கடுமைக்கு அந்தப் பெயர்; பகைவனுக்கு ஓர் இடர் வந்தால் உதவுவதே அதன் கூர்மை என்றும் சேர்த்துச் சொல்கிறார். வேளாண்மையிலும் தாளாண்மையிலும் மேலாண்மையிலும் இருக்கும் 'ஆண்மை' ஆள்வதிலிருந்து, செயல்படுத்துவதிலிருந்து வருவது. "வேளாண்மையில நாத்து நடுறதும் களை எடுக்கிறதும் யாரு?" என்று கேட்டால், "எங்கம்மா" என்று பத்துப் பேராவது சொல்வார்கள். "அப்ப அந்த ஆண்மை யாருது?" என்றால் வகுப்பு கொஞ்சம் விழித்துக்கொள்ளும்.

எங்கள் ஊர்ப்பக்கத்து எழுத்தாளர் ஒருவர் பெயரிலேயே இந்தச் சொல் உண்டு: மேலாண்மை பொன்னுச்சாமி. ஏதோ நிர்வாகவியல் படித்தவர் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சொந்தக் கிராமத்தில் கடை வைத்திருந்து, 'மின்சாரப் பூ' தொகுப்புக்காக 2007இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். அவருடைய ஊர் மேலாண்மறைநாடு. அதன் முற்பாதிதான் பெயரில் ஒட்டிக்கொண்டது. 'அந்த ஆண்மை ஊர்ப்பெயரில் இருந்து வந்தது' என்று சொன்னதும் கடைசி பெஞ்சு இறுக்கம் தளர்ந்து சிரிக்கும். சிரித்த பிறகு பேசுவது எளிது.

நான் ஆலங்குளத்துக்காரி. வெளியூரில் சொன்னால் "தென்காசி ஆலங்குளமா?" என்பார்கள். "இல்ல, சிமெண்ட் ஆலங்குளம்" என்று திருத்த வேண்டும். 1970இல் அரசு சிமெண்ட் ஆலை வந்த ஊர். சுற்றிலும் கரிசல், மேற்கே ராஜபாளையத்துப் பஞ்சாலைகளும் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளும், வடகிழக்கே சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். ஆபீஸ் என்றால் நாற்காலியும் மேசையும் இல்லை. குச்சி அடுக்குகிற, திரி வைக்கிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். விடியுமுன் வேன் ஏறி அந்த ஆபீசுக்குப் போன அம்மாக்களின் மகள்களும் மகன்களும்தான் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முனைவர் பட்ட ஆய்வை நான் பெண்ணெழுத்தில்தான் செய்தேன். பெண் ஆய்வாளருக்கு அது ஒதுக்கப்பட்ட வீடு போல, யாரும் ஆட்சேபிக்கவில்லை. பிறகு, 'கரிசல் நாவல்களில் ஆண்மை' என்று ஒரு சிறப்புத்தாள் நடத்தப்போகிறேன் என்றபோது மூத்த பேராசிரியர் ஒருவர் உண்மையான வியப்போடு கேட்டார்: "ஆம்பளைங்களப் பத்தி ஆராய்ச்சி பண்ண ஒரு பொம்பளைக்கு என்னம்மா இருக்கு?" அவர் கெட்டவர் இல்லை. எனக்காகக் கவலைப்பட்டுத்தான் கேட்டார். உடனடியாகச் சொல்ல என்னிடம் புத்தகப் பதில்கள் இருந்தன, சொன்னேன்.

நான் தேடிப்போன நூலக அலமாரிகளில் இன்னாருடைய நாவல்களில் பெண் பாத்திரங்கள் என்ற தலைப்புள்ள ஆய்வேடுகள் வரிசை வரிசையாக நிற்கும். ஆண் பாத்திரங்கள் என்று ஒன்று கண்ணில் பட்டதில்லை. பெண் என்றால் ஆராய வேண்டிய பொருள், ஆண் என்றால் மனிதன் என்று ஆகிவிட்டதால் அவனைத் தனியே பார்க்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் 1928இலேயே 'குடி அரசு' இதழில், பெண்கள் விடுதலை பெற வேண்டுமானால் ஆண்மை என்ற கருத்தே அழிய வேண்டும் என்று பெரியார் எழுதிவிட்டார். வீரமும் விடுதலையும் ஆணுக்கே உரியவை என்று அந்தச் சொல்லே சொல்லிக்கொடுக்கிறது என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரை 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் இருக்கிறது. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ரேவின் கான்னெல் 1995இல் வெளியிட்ட நூலில், ஆண்மை ஒன்றல்ல, பல. அவற்றுக்குள் மேல்கீழ் அடுக்கு உண்டு என்று விளக்கினார். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் வேலையும் சாதியும் மாறும்போது ஆண்மைகள் ஒன்றோடொன்று எப்படி மோதுகின்றன என்று எஸ். ஆனந்தி, ஜெ. ஜெயரஞ்சன், ராஜன் கிருஷ்ணன் ஆகியோர் 2002இல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேராசிரியர், "நடத்துங்க, நடத்துங்க" என்றார். கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

வகுப்பில் கோட்பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்வேன். முதலில் ஒரே ஒரு கேள்வி. நாவலில் ஓர் ஆண் எதையாவது செய்யும்போது, 'அதை யார் பார்க்கிறார்கள்?' என்று பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

பூமணியின் 'வெக்கை'யில் ஆரம்பிப்போம். 1982இல் வந்த நாவல். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல். பேச்சு மாணவர்களின் வீட்டுப் பேச்சு. பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான். ஆனால் பையன்கள் வகுப்புக்குக் கொண்டுவருவது வெற்றிமாறனின் 'அசுரன்'. 2019இல் தியேட்டரில் விசிலடித்துப் பார்த்தவர்கள். "அம்மா, அந்த ஃபைட் நாவல்ல எத்தனாவது பக்கத்துல வருது?" என்று ஒருவன் கேட்டான். படத்தின் அப்பாவுக்குப் பெரிய முன்கதை உண்டு, அடக்கிவைத்த வீரம் உண்டு, அது வெடிக்கும் கணத்துக்காக அரங்கமே காத்திருக்கும். நாவலின் அப்பாவுக்கு அப்படி ஒரு மேடை கிடையாது. வெட்டு முதலிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு நாவல் முழுக்க அப்பாவும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். சோறு பொங்குகிறார்கள், படுக்க இடம் பார்க்கிறார்கள், வீட்டுப் பெண்கள் என்ன ஆனார்களோ என்று கவலைப்படுகிறார்கள், பழையதைப் பேசிக்கொள்கிறார்கள்.

'யார் பார்க்கிறார்கள்?' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு வந்த மாணவி ஒருத்தி சொன்னாள்: "முதல் அத்தியாயத்துக்கு அப்புறம் பாக்க யாருமே இல்லம்மா. அதனாலதான் அந்த அப்பா பையனுக்கு அம்மாவா இருக்காரு." ஃபைட் கேட்ட பையன் கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஆண்கள் சமைக்கிறார்கள், பயப்படுகிறார்கள், ஒருவர் தூங்க இன்னொருவர் விழித்திருக்கிறார்கள். ஊருக்குள் வந்தால் அதற்கெல்லாம் இடமில்லை. சினிமா செய்தது என்னவென்றால், அந்தக் காட்டுக்குள் ஆயிரம் பேர் உட்கார நாற்காலி போட்டுவிட்டது. பார்ப்பவர்கள் வந்துவிட்டால் அப்பா அடித்தாக வேண்டும்.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளியானது. அதில் வரும் காளிக்கும் பொன்னாவுக்கும் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. ஒருவர்மேல் ஒருவருக்குக் கொள்ளை ஆசை. இரண்டு பேர் மட்டும் உலகத்தில் இருந்தால் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறையை உண்டாக்குவது பேச்சு. ஆண்கள் கூடுகிற இடத்தில் காளிக்கு விழும் குத்தல்கள் அவனைத் தொண்டுப்பட்டிக்குள்ளேயே முடங்க வைக்கின்றன. மஞ்சள் நோட்டீஸ் விற்கும் பயத்தை இந்த நாவல் ஒரு விவசாயியின் உடம்புக்குள் போய்ப் பார்க்கிறது. 2014 இறுதியில் இந்த நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் போராட்டம் எழுந்தது. எங்கள் பெண்களைக் கேவலப்படுத்திவிட்டது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் நாவலைத் தடை செய்ய மறுத்துத் தீர்ப்பளித்தது. வகுப்பில் நான் கேட்பது: பெண்ணின் மானம் போனதாகச் சொன்ன அந்த ஊர்வலங்களில், யாருடைய மானம் யாருடைய கண் முன்னால் போனது?

கரிசலின் இன்னொரு ஓரத்தில் கி. ராஜநாராயணன் இருக்கிறார். 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. நகைக்காகத் தன்னைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறவனின் கால் விரலைக் கடித்துப் பிடித்தபடியே சாகிற ஒரு பெண் அதில் உண்டு. அவளுடைய பல் சாட்சி சொல்கிறது. எங்கள் பக்கத்து நாவல்களில் ஒரு பெண்ணின் சாட்சியம் ஏற்கப்பட்ட அபூர்வமான இடம் அது. அதற்கு அவள் சாக வேண்டியிருந்தது.

உயிரோடு இருக்கும் பெண்ணின் சாட்சியம் என்ன ஆகும் என்பதைச் சொன்னவர் பாமா. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து வத்திராயிருப்பு புதுப்பட்டியில் பிறந்தவர். 1994இல் வந்த 'சங்கதி'யில் மாரியம்மா என்றொரு பெண். விறகு பொறுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் நிலக்காரன் அவளைக் கையைப் பிடித்து இழுக்கிறான். தப்பி ஓடி வருகிறாள். அவள் வாய் திறப்பதற்கு முன்னால் அவனே தெருவுக்கு வந்து, மாணிக்கத்தோடு இவள் தப்பாக நடந்ததைத் தான் பார்த்ததாகச் சொல்லிவிடுகிறான். பஞ்சாயத்து கூடுகிறது. தீர்ப்பு சொல்லும் ஆண்கள் ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள். நிலக்காரனிடம் கூலிக்குப் போகிறவர்கள். பெண்கள் பேச வந்தால் அதட்டி விரட்டுகிறார்கள். மாரியம்மாவுக்கு 200 ரூபாய் அபராதம், மாணிக்கத்துக்கு 100 ரூபாய்.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். நிலக்காரனுக்கு 0, மாணிக்கத்துக்கு 100, மாரியம்மாவுக்கு 200. கான்னெல் ஒரு புத்தகம் எழுதி விளக்கிய அடுக்கை எங்கள் வட்டாரத்துப் பெண் மூன்று எண்களில் காட்டிவிட்டார். பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு உண்மை தெரியாமல் இல்லை. ஆனால் நிலக்காரனை நிமிர்ந்து பார்த்தால் நாளைக்கு வேலை இல்லை, அடியும் உண்டு. அவன் முன்னால் இழந்ததை அவர்கள் மாரியம்மாவிடம் வசூலித்துக்கொள்கிறார்கள். வெளியே தலைகுனிகிற ஆண் வீட்டுக்குள் வந்து அதை நிமிர்த்திக்கொள்கிறான் என்பதைப் பாமா அந்த நூலில் ஒளிக்காமல் பேசுகிறார். தன் சாதி ஆண்களைப் பொது இடத்தில் காட்டிக்கொடுத்துவிட்டாய் என்ற பழியும் இப்படி எழுதும் பெண்ணுக்கு வந்து சேரும். பேசினால் சாதி மானம், பேசாவிட்டால் உடம்பில் காயம். அந்த இரண்டுக்கும் நடுவே நின்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதில் வீட்டுக்குள் ஆண் ஒரே மாதிரி இருக்கிறான் என்று தோன்றினால் அது என் அனுபவத்துக்குப் பொருந்தாது. என் அப்பா மைன்ஸில் வேலை பார்த்தவர். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு விடிகாலை வேனில் போய்விடுவாள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து எனக்குத் தலை சீவி ரெட்டைச் சடை போட்டுவிடுவது அப்பாதான். சுண்ணாம்பில் வெடித்த விரல்களில் முடி மாட்டி இழுக்கும். "வலிக்குதா தாயி?" என்று கேட்டுக்கொண்டே சிக்கெடுப்பார். ரிப்பனை இலைபோல் விரித்துக் கட்டுவதை அம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு. ஒருநாள் பாதிச் சடையில் கதவு தட்டும் சத்தம். அப்பா சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்து பேப்பரை எடுத்துக்கொண்டார். நான் போய்க் கதவைத் திறந்தேன். வந்தவர் அப்பாவோடு வேலை பார்ப்பவர். "என்ன பாப்பா, ஒத்தச் சடையோட நிக்க?" என்றார். "அவளே போட்டுக்கிடுதா" என்றார் அப்பா, பேப்பரைப் பார்த்தபடியே.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா பொய் சொல்கிறார் என்பது தெரிந்தது. ஏன் என்பது தெரியவில்லை. அவர் யாரையும் அடித்ததில்லை, குடித்ததில்லை. ஒரு நல்ல காரியத்தைச் செய்துகொண்டிருந்தபோது பிடிபட்டவரைப் போல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பொறுத்தவரை ஆண்மை பற்றிய ஆய்வின் முதல் தரவு அந்தப் பேப்பர்.

பெண்களும் இதில் வெளியே நிற்பவர்கள் இல்லை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில், நோய்ப்படுக்கையில் கிடக்கும் மாமியார் மருமகளிடம் தன் அதிகாரத்தின் ரகசியத்தைச் சொல்கிறாள். சமையலறையை விட்டுக்கொடுக்காதே, அலங்காரத்தை விட்டுவிடாதே, பலமெல்லாம் அங்கிருந்துதான் என்று. ராஜஸ்தானில் நடக்கிற கதை என்பதே என் மாணவிகளுக்கு மறந்துபோகும். "எங்கப்பத்தா மாதிரியே பேசுறாங்க" என்பார்கள். தம்பி தட்டைக் கழுவினால் "பொம்பளப் பிள்ளை மாதிரி" என்று முதலில் சிரிப்பது நாமாகவும் இருக்கிறோம். அப்பாவின் கதவைச் சாத்தியதில் அம்மாவின் கையும் இருந்தது. "யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாக" என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நாவல்கள் முடிந்ததும் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். 'யாரும் பார்க்காதபோது எங்கள் வீட்டு ஆண்' என்ற தலைப்பில், ஒரு வாரம் கவனித்து, ஒரு பக்கம். பெயர் எழுதத் தேவையில்லை. வகுப்பில் படிக்கலாமா வேண்டாமா என்று மேலே குறித்துவிட வேண்டும். இங்கே சொல்பவை அனுமதி கிடைத்தவை. ஆள் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: தறிக்குப் போகும் அண்ணன், துணி மடிக்கும்போது அம்மாவின் சேலையை மட்டும் முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான். அம்மா இறந்து இரண்டு வருடம். இன்னொருத்தி: லாரி ஓட்டும் மாமா ரோட்டோரத்தில் ஸ்டவ் வைத்து எல்லோருக்கும் சமைப்பாராம், வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்க மாட்டார். ஒரு பையன்: நான் யாரும் பார்க்காதபோது அழுவேன், பிறகு கண்ணில் தூசி என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். தாத்தா ஆட்டுக்குட்டியோடு பேசுவதை எழுதியவன் ஒருவன். வாசித்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது, பையன்கள் சிரிக்கவில்லை.

ஒரு தாளில் இரண்டே வரி. 'எங்க அப்பா யாரும் பார்க்காதப்பதான் அம்மாவை அடிப்பாங்க. வெளியில ரொம்ப நல்லவங்க.' மேலே, 'படிக்க வேண்டாம்' என்று இருந்தது.

அடிப்பதைச் சொல்லும்போதும் 'அடிப்பாங்க' என்ற மரியாதைப் பன்மை. அதையே பலமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அந்த 'யாரும்' கண்ணில் குத்தியது. யாரும் பார்க்காதபோது என்கிறாள். அம்மா பார்க்கிறாள், அடி வாங்கிக்கொண்டே பார்க்கிறாள். இவள் பார்க்கிறாள். இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை எப்படி 'யாரும் பார்க்காதபோது' என்று எழுத முடிகிறது? கேள்வியின் வாசகம் என்னுடையது. ஆனால் வகுப்பில் இருந்த அத்தனை பேரும் அதை ஒரே அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சேலையை முகத்தில் வைத்து நின்ற அண்ணனைத் தங்கை பார்த்தாள். அதுவும் 'யாரும் பார்க்காதபோது'தான். ஆண்மையின் கணக்கில் 'யாராவது' என்றால் இன்னோர் ஆண். மனைவியும் மகளும் தங்கையும் சுவர்போல, கட்டில்போல அந்த அறையின் பொருள்கள். மாரியம்மாவின் பஞ்சாயத்தில் பெண்களை விரட்டியதும் இதே கணக்கில்தான். பார்த்தவர்கள், ஆனால் சாட்சி இல்லை.

அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டுப் பேசினேன். பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து தெரியும். அவளும் தெரிந்தே எழுதியிருந்தாள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டும் உரியதில்லை, அந்த வீட்டில் வாழும் மகளும் சகோதரியும் தாயும் அதன் பாதுகாப்பைக் கேட்கலாம் என்பதைச் சொன்னேன். மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் உண்டு, 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம் என்பதையும் சொன்னேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவள் அதைக் கேட்டு, "அப்ப எங்க வகுப்பிலயே எத்தனை பேரு வீட்லம்மா?" என்றாள். தன் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று அதுவரை நினைத்திருக்கிறாள். அன்று புகார் கொடுக்க அவள் விரும்பவில்லை. அம்மா என்ன சொல்வாளோ என்றாள். சித்தி வீட்டிலிருந்து படிப்பை முடிக்க வழி செய்துகொண்டாள். எண்ணை எழுதி அம்மாவிடம் கொடுத்தாளாம். அம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள். அதற்கு மேல் நடந்ததை எழுத எனக்கு உரிமை இல்லை.

மூத்த பேராசிரியரின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அந்த இரண்டு வரியில்தான். ஆம்பளைகளைப் பற்றி ஆராய ஒரு பொம்பளைக்கு என்ன இருக்கிறது? சாத்திய கதவுக்கு உள்ளே அவள்தான் இருந்திருக்கிறாள். வெளியே ஆண்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதை உலகம் பார்க்கிறது. காவியமாகவும் சினிமாவாகவும் எடுத்துவைத்திருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு, ரிப்பன் கட்டிய விரலுக்கும் சரி, ஓங்கிய கைக்கும் சரி, பெண்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. பெண்ணியம் ஆண்களையே பேசிக்கொண்டிருந்தால் மறுபடியும் அவர்களைத்தானே நடுவில் உட்கார வைக்கிறோம் என்று தோழிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் நடுவில் உட்கார வைக்க நினைப்பது பார்த்தவளை. அவள் பார்த்தது ஆணை என்பதால் அவனும் பாடத்துக்குள் வருகிறான்.

பையன்களுக்கும் இதில் ஒன்று கிடைக்கிறது என்று நினைக்கிறேன். கண்ணில் தூசி என்று எழுதிய பையன், பருவ முடிவில், "அம்மா, எங்கக்காவுக்குத் தெரியும்மா, நான் அழுறது. ரெண்டு பேரும் இப்பதான் பேசிக்கிட்டோம்" என்றான். பெரிய மாற்றம் என்று இதை அளந்து காட்ட முடியாது. அவன் அழுவதைப் பார்த்த ஓர் ஆளை, ஆளாக எண்ணத் தொடங்கியிருக்கிறான்.

'படிக்க வேண்டாம்' என்று எழுதியவள் முதுகலைத் திட்டக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது 'சங்கதி'யின் பஞ்சாயத்துக் காட்சிகளை. பேச வந்து விரட்டப்பட்ட பெண்கள் என்ன சொல்ல முயன்றார்கள் என்பதை மட்டும் வரிசைப்படுத்தி, அதை ஒரு வாக்குமூலம்போல் வாசித்திருந்தாள். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தீர்ப்பு சொன்ன ஆம்பளைங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு இவ்வளவு உறுதியா எழுதியிருக்கியேம்மா, எப்படித் தெரியும்?"

"பாத்திருக்கேன் ஐயா" என்றாள்.

அவர் குறித்துக்கொண்டார். மூன்றாம் இயலில் மேற்கோள் விளக்கம் ஒன்று விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடு என்றார்.